பத்து நிமிஷம் அந்த எறும்பையே பாத்துட்டு இருக்கட்டுமே! (வாசகர் கேள்வி - பதில்)

போன இதழ்ல பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போறதப் பத்தி நாலு வரி எழுதினதுக்கு நிறைய கடிதம் வந்திருக்கு, எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன். செடி கொடி, பூச்சி, பறவை, மண்ணு, மழை இதையெல்லாம் பிள்ளைங்களுக்கு எப்படி சொல்லிக் குடுக்கறதுன்னுதான் பாதிப்பேர் கேட்டிருக்கீங்க. ஒரே மாதிரி வந்த கேள்விகள ஒண்ணா சேத்துட்டு பதில் எழுதறேன்.

கேள்வி: அக்கா, எனக்கே காக்கா, குருவி, மைனா, புறா தாண்டி எந்தப் பறவை பேரும் தெரியாது. அஞ்சு வயசுப் பொண்ணு "அது என்னம்மா, இது என்னம்மா"ன்னு கேக்கறப்ப முழிக்கறேன். முதல்ல நான் ஏதாவது கோர்ஸ் படிக்கணுமா? (ஒரு அம்மா)

பதில்: கோர்ஸ் எல்லாம் வேணாம்மா. பேர் தெரியாததுல ஒரு நல்லது கூட இருக்கு. "அது என்ன?"ன்னு கேக்குது, "மைனா"ன்னு சொல்றோம், "ஓ"ன்னு சொல்லிட்டு பிள்ளை அடுத்ததுக்குப் போயிடுது, அதோட அந்தப் பறவை முடிஞ்சுது. இத நான் எத்தனையோ தடவை பாத்துட்டேன். அதுக்குப் பதிலா "தெரியலையே கண்ணு, அது நடக்குதா தத்துதா பாரு"ன்னு சொல்லிப் பாருங்க. சிட்டுக்குருவி ரெண்டு காலையும் சேத்து தத்தித் தத்திப் போகும், மைனா நம்மள மாதிரி ஒவ்வொரு காலா எடுத்து வெச்சு நடக்கும், புறாவும் நடக்கும் ஆனா ஒவ்வொரு அடிக்கும் தலைய முன்னாடி தள்ளும். இத ஒரு தடவை தானா கண்டுபிடிச்ச பிள்ளை மறக்காது, பேர் அப்புறம் வந்து ஒட்டிக்கும்.

ரேச்சல் கார்சன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, கடல் உயிரியல் படிச்ச விஞ்ஞானி, பூச்சிக்கொல்லி மருந்துங்களோட ஆபத்த உலகத்துக்கே எடுத்துச் சொன்னவங்க. அவங்க 1956ல ஒரு பத்திரிகைக்கு எழுதின கட்டுரைல, அக்காவோட பேரன், ரெண்டு வயசு கூட ஆகாத குழந்தைய, புயல் அடிக்கற ராத்திரில போர்வைல சுத்தி கடற்கரைக்குத் தூக்கிட்டுப் போனதச் சொல்லியிருப்பாங்க. அலை சத்தத்தக் கேட்டு ரெண்டு பேரும் சிரிச்சிருக்காங்க, அவ்ளோதான். அத்தனை படிச்சவங்களே அங்க பாடம் நடத்தல. பிள்ளைக்கு தெரிஞ்சுக்கறத விட உணர்றதுதான் முக்கியம்னு அவங்க நம்பினாங்க, எனக்கும் இத்தனை வருஷத்துல அதேதான் தோணுது.

நாளைக்கே ஒண்ணு செய்யுங்க. சுவரோரமா எறும்பு வரிசை போகும்ல, அதுக்குப் பக்கத்துல பொண்ணோட உக்காருங்க. எதிரெதிரா வர்ற ரெண்டு எறும்பு மீசைய மீசையால தொட்டுட்டுப் போறத முதல்ல பாக்கட்டும். அப்புறம் எறும்பு மேல படாம, வரிசை போற வழிய ஒரு இடத்துல மட்டும் குறுக்கால விரலால அழுத்தித் தேச்சு விடச் சொல்லுங்க. அடுத்து வர்ற எறும்பு அந்தக் கோட்டுகிட்ட வந்ததும் நின்னுடும், தலைய இப்படி அப்படி ஆட்டும், திரும்பிப் போகும், மறுபடி வரும், அந்தப் பக்கம் இருந்து வர்றதும் அதே மாதிரி தடுமாறும். கொஞ்ச நேரத்துல ஒண்ணு துணிஞ்சு தாண்டும், அது பின்னாடி இன்னொண்ணு, அப்புறம் வரிசை பழையபடி ஓடும். எறும்பு நடக்கறப்ப தரைல ஒரு வாசனைய வெச்சுட்டுப் போகுது, பின்னால வர்றது அத மோந்துகிட்டே வருது, நம்ம விரல் அத அழிச்சிடுச்சு, அதான் விஷயம். ஆனா இத நீங்க முந்திகிட்டு சொல்லிடாதீங்க. "ஏம்மா நிக்குது?"ன்னு அவ கேக்கற வரைக்கும் பொறுங்க, கேட்டா கூட "நீ என்ன நினைக்கற?"ன்னு திருப்பிக் கேளுங்க.

கேள்வி: என் பையனுக்கு எட்டு வயசு. கார்ட்டூன்ல வர்ற அத்தனை உருவமும் பேரு, பவர் எல்லாத்தோட மனப்பாடம். வாசல்ல இருக்கற மரம் என்னன்னு கேட்டா தெரியாது. இவன் மூளைக்கு இதெல்லாம் ஏறாதா? (ஒரு அப்பா)

பதில்: ஏறும் சார், அந்தக் கார்ட்டூன் பேர் எல்லாம் ஏறியிருக்குல்ல, அதுவே சாட்சி. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் சிலர் இங்கிலாந்துல நாலுல இருந்து பதினோரு வயசு வரைக்குமான பிள்ளைங்ககிட்ட அட்டைல படம் காட்டிக் கேட்டாங்க, கொஞ்சம் போகிமான்ங்கற கார்ட்டூன் உருவங்கள், கொஞ்சம் அவங்க ஊர்ல சாதாரணமா இருக்கற செடி, பூச்சி, விலங்கு. 2002ல அந்த ஆய்வு வெளிவந்துச்சு. எட்டு வயசுப் பிள்ளைங்க போகிமான்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் சரியா சொல்லிடுச்சுங்க, நிஜமான உயிர்கள்ல ஏறக்குறைய பாதிதான் சொன்னுச்சுங்க. அதாவது பிள்ளைங்களுக்கு விதவிதமான உயிர்கள அடையாளம் கண்டு வெச்சுக்கற திறமை அபாரமா இருக்கு, தினமும் எது கண்ணு முன்னாடி வருதோ அதுல அந்தத் திறமை போய் உக்காந்துக்குது. குத்தம் பையன் மேல இல்ல.

அதனால கார்ட்டூனத் திட்டாதீங்க, திட்டினா மரம் எதிரியாயிடும். அதே ஆர்வத்த இந்தப் பக்கம் கொண்டு வரலாம். அவனே அட்டை செய்யட்டும், வீட்டச் சுத்தி பாத்த பூச்சி, பறவை ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டை, படம் வரைஞ்சு, அதோட பவர் என்னன்னு எழுதட்டும். குழியானை தெரியும்ல, காஞ்ச மணல்ல புனல் மாதிரி குழி தோண்டி அடில புதைஞ்சுகிட்டு இருக்குமே, எறும்பு வழுக்கி விழுந்து மேல ஏறப் பாத்தா மண்ணத் தலையால வாரி வீசி மறுபடி கீழ தள்ளும், பின்னாடி பின்னாடிதான் நகரும், வளந்ததும் ரெக்கை முளைச்சு தும்பி மாதிரி ஒண்ணா பறந்து போயிடும். எந்தக் கார்ட்டூன் உருவத்துக்கு இத விட பெரிய பவர் இருக்கு சொல்லுங்க! பத்து அட்டை சேந்ததும் அவனே பதினொண்ணாவதத் தேடிப் போவான்.

போன் குடுத்தே ஆகணும்னா மெர்லின்னு ஒரு இலவச ஆப் இருக்கு, பறவை கத்தற சத்தத்த வெச்சே பேர் சொல்லும். கண்ணும் காதும் முதல்ல, ஆப் கடைசில, அந்த வரிசை மாறாம பாத்துக்கோங்க. ஒவ்வொரு பிப்ரவரிலயும் நாலு நாள் உலகம் முழுக்க பறவை எண்ணுவாங்க, 1998ல ஆரம்பிச்சது, ஒரே இடத்துல குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் நின்னு பாத்தத எழுதி அனுப்பினா போதும், பால்கனில நின்னு கூட பண்ணலாம். தான் எண்ணினது ஒரு நிஜமான ஆராய்ச்சிக்குப் போகுதுன்னு தெரிஞ்சா எட்டு வயசுப் பையன் நிமிந்து நிப்பான்.

கேள்வி: நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. வகுப்புல நாப்பது பிள்ளைங்க. காடு, தோட்டம் எதுவும் இல்ல, சிமெண்ட் போட்ட மைதானமும் ஓரத்துல ஒரு மரமும்தான். ரெண்டு தடவை வெளிய கூட்டிட்டுப் போனேன், ஒரே ஓட்டம், கூச்சல். தலைமை ஆசிரியர் "சிலபஸ் யாரு முடிப்பா"ன்னு கேக்கறார். என்ன செய்ய?

பதில்: டீச்சர், ஒரு மரம் இருக்கே, போதும். நான் முதல் முதல்ல ஒரு வகுப்ப வெளிய கூட்டிட்டுப் போனப்ப எனக்கும் அதே ஓட்டம்தான், அப்ப நான் குடுத்த வேலை "இயற்கைய நல்லா கவனிங்க"ங்கறது. அத வெச்சுகிட்டு ஒரு பிள்ளை என்ன செய்யும்? ஓடத்தான் செய்யும். கேள்விய ரொம்பச் சின்னதாக்குங்க. "இந்த மரத்துல எத்தனை விதமான பச்சை இருக்கு?" "கீழ விழுந்த இலைல ஓட்டை இல்லாத இலை ஒண்ணு கொண்டு வாங்க." ஒரு தடவைக்கு ஒரே கேள்வி, அதையும் வகுப்புக்குள்ள இருக்கறப்பவே சொல்லிடுங்க, வெளிய போனப்புறம் உங்க குரல் எடுபடாது. எது வரைக்கும் போகலாம்னு எல்லை காட்டிடுங்க, விசில் அடிச்சா வந்துடணும், அவ்ளோதான் சட்டம்.

அப்புறம் நூல். மூணு மீட்டர் நூல வெட்டி முனைய முடிச்சுப் போட்டா ஒரு வளையம் வரும், நாலு பேருக்கு ஒரு வளையம், பத்து வளையம்னா நாப்பது பேரும் உக்காந்தாச்சு. எங்க வேணா போடலாம், சிமெண்ட் விரிசல்ல, மரத்தடில, தண்ணிக் குழாய்ப் பக்கத்துல. வளையத்துக்குள்ள உயிரோட இருக்கறது, ஒரு காலத்துல உயிரோட இருந்தது, உயிரே இல்லாதது, மூணையும் எழுதச் சொல்லுங்க. சிமெண்ட்ல என்ன இருக்கப் போகுதுன்னு நினைக்காதீங்க. விரிசல்ல கொஞ்சம் பாசி, அதுல ஒரு புல்லு, புல்லுக்கு அடில எறும்பு கொண்டு வந்து போட்ட மண்ணு உருண்டைங்க, செத்த வண்டோட ஒரு கால், காத்துல வந்த ஒரு விதை. குழாய்ப் பக்கத்து வளையத்துல மட்டும் ஏன் பச்சை அதிகம்னு பிள்ளைங்களே கேக்கும், அன்னைக்கு அறிவியல் பாடம் அங்கயே நடந்து முடிஞ்சிடும்.

சிலபஸ் விஷயத்துக்கு வர்றேன். 1977 அக்டோபர்ல யுனெஸ்கோவும் ஐநாவோட சுற்றுச்சூழல் அமைப்பும் சேந்து ஜார்ஜியாவுல திபிலிசிங்கற ஊர்ல பல நாட்டு அரசுகளையும் கூப்பிட்டு சுற்றுச்சூழல் கல்விக்காகவே ஒரு மாநாடு நடத்தினாங்க. இத தனிப் பாடமா ஓரத்துல ஒட்ட வைக்காம எல்லாப் பாடத்துக்குள்ளயும் கலக்கணும், சின்ன வயசுல ஆரம்பிச்சு வாழ்நாள் முழுக்க நடக்கணும்னு அப்பவே சொல்லிட்டாங்க. அத உங்க மைதானத்துலயே செய்யலாம். ஒரு மீட்டர் குச்சிய நட்டு அதோட நிழல அளங்க, அதே நேரத்துல மரத்தோட நிழலையும் அளங்க. குச்சி நிழல் அரை மீட்டர், மரத்து நிழல் நாலு மீட்டர்னா மரம் எட்டு மீட்டர் உயரம். விகிதம்னு புத்தகத்துல ரெண்டு வாரம் இழுக்கற கணக்கு இதுதான். மரத்தத் தொட்டுப் பாத்து எழுதற நாலு வரி மொழிப் பாடம். தலைமை ஆசிரியர்கிட்ட இத நோட்டுப் புத்தகத்தோட காட்டுங்க.

அவர் இன்னும் யோசிச்சா கண்ணு விஷயத்தச் சொல்லுங்க. சீனாவுல குவாங்ஜோவுல 12 பள்ளிகள்ல ஒரு ஆய்வு நடந்துச்சு, 2015ல வெளிவந்தது. பாதிப் பள்ளிகள்ல ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்கள தினமும் கூடுதலா 40 நிமிஷம் வெளிய விட்டாங்க, மத்த பள்ளிகள்ல வழக்கம் போல. மூணு வருஷம் கழிச்சுப் பாத்தா, வெளிய போன பிள்ளைங்கள்ல 30.4 சதவீதத்துக்கு கிட்டப்பார்வை வந்திருந்துச்சு, போகாதவங்கள்ல 39.5 சதவீதம். வெளிச்சம்தான் முக்கிய காரணமா இருக்கும்னு ஆய்வாளர்கள் நினைக்கறாங்க, நம்ம வகுப்பறை எவ்ளோ லைட் போட்டாலும் வெளி வெளிச்சத்துக்குக் கிட்டயே வராது. பிள்ளைங்க கண்ணாடி போடறத தள்ளிப் போடற விஷயம்னு சொன்னா பெத்தவங்களும் உங்க பக்கம் நிப்பாங்க.

கேள்வி: வெளிய விட்டா பாம்பு, பூரான், முள்ளுன்னு எனக்கு உசிரே போகுது. கை எல்லாம் அழுக்கு வேற. (ஒரு பாட்டி)

பதில்: பாட்டி, உங்க பயம் நியாயம்தான், பயத்த விட்டுடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த பயத்த அப்படியே பிள்ளைக்குக் குடுக்காம ஒரு பழக்கமா மாத்திக் குடுங்க. கை எங்க போகுதோ அங்க கண்ணு முதல்ல போகணும், இது ஒண்ண திரும்பத் திரும்ப சொல்லுங்க. பொந்து, மரக்கட்டைக்கு அடில எல்லாம் கைய விடக் கூடாது. கல்லப் புரட்டணும்னா பெரியவங்க கூட இருக்கறப்ப, ஒரு குச்சிய வெச்சு கல்லோட அந்தப் பக்க ஓரத்தத் தூக்கி நம்ம பக்கமா சாய்க்கணும், உள்ள எது இருந்தாலும் எதிர்ப்பக்கமா ஓடிடும், கல்லு நமக்கு மறைப்பா நிக்கும். பாத்து முடிச்சதும் கல்ல மெதுவா பழையபடி வெச்சிடணும், அது அதுங்களோட கூரை. கம்பளிப்பூச்சி மாதிரி முடி இருக்கற எதையும் தொடக் கூடாது. காளான், தெரியாத பழம் எதுவும் வாய்க்குப் போகக் கூடாது. காலுக்கு மூடின செருப்பு, வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டு கை கழுவல். அழுக்கு அதோட போயிடும் பாட்டி.

இன்னொண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. மரவட்டையப் பாத்து பேத்தி கைய நீட்டறப்ப நீங்க "ஐயய்யே"ன்னு கத்தறீங்களா? அந்த ஒரு சத்தம் பத்து வருஷத்துக்கு நிக்கும். சும்மா பக்கத்துல நின்னு "எப்படிச் சுருண்டுக்குது பாரு"ன்னு சொன்னீங்கன்னா அதுவும் அதே மாதிரி நிக்கும்.

கேள்வி: பூமி சூடாகுது, பனி உருகுது, கரடி செத்துப் போகுதுன்னு ஏதோ வீடியோ பாத்துட்டு என் ஏழு வயசுப் பொண்ணு ராத்திரி அழறா. விழிப்புணர்வுன்னு நாங்கதான் போட்டுக் காட்டினோம். தப்பு பண்ணிட்டோமா?

பதில்: நல்ல மனசோடதான் பண்ணீங்க, ஆனா ஏழு வயசுக்கு அது சுமக்க முடியாத பாரம். டேவிட் சோபெல்னு ஒரு அமெரிக்க கல்வியாளர் 1990கள்லயே இதச் சொல்லிட்டார், நாலாம் வகுப்பு வரைக்கும் பேரழிவுக் கதையே வேணாம், முதல்ல பிள்ளை மண்ணோட பழகட்டும்னு. காட்டையே பாக்காத பிள்ளைக்கு காடு அழியுதுன்னு சொன்னா அதுக்கு காடுங்கறதே ஒரு பயமா பதிஞ்சிடுது, நினைக்கவே பிடிக்காம விலகிப் போயிடுது. பழகாத ஒண்ணு மேல பாசம் எங்கிருந்து வரும்?

வீடியோவ நிறுத்திடுங்க. அழறப்ப "ஒண்ணும் ஆகாது"ன்னு பொய் சொல்ல வேணாம், "ஆமாடா, பெரியவங்க நிறைய பேர் இத சரி பண்ண வேலை செய்யறாங்க"ன்னு சொல்லுங்க, அது உண்மைதான். அப்புறம் அவ கைக்கு எட்டற மாதிரி ஒரு உயிரக் குடுங்க. வெயில் காலத்துல ஒரு அகலமான தட்டுல தண்ணி வெச்சு, பூச்சி உக்கார நடுவுல நாலு கூழாங்கல்லப் போட்டு, தினமும் தண்ணி மாத்தறது அவ பொறுப்பு. காலைல ஒரு தேனீ அந்தக் கல்லு விளிம்புல உக்காந்து நாக்க நீட்டி தண்ணி குடிக்கறதயும், வயிறு மட்டும் மேல கீழ துடிக்கறதயும் அவ குந்தி உக்காந்து பாக்கட்டும். பத்து பதினொரு வயசுக்கு மேல பெரிய பிரச்சனைகளப் பேசலாம், அப்பவும் கூடவே செய்யறதுக்கு ஏதாவது வேலை இருக்கணும். சிம்பன்ஸிகள ஆராய்ச்சி பண்ணின ஜேன் குடால் 1991ல தான்சானியாவுல 12 மாணவர்களோட ஆரம்பிச்ச 'வேர்களும் தளிர்களும்' அமைப்பு அப்படித்தான் இயங்குது, பிள்ளைங்களே தன் ஊர்ல ஒரு பிரச்சனையத் தேர்ந்தெடுத்து அதுக்கு ஏதாவது செய்வாங்க.

கேள்வி: பையன் பிடிக்கற பூச்சிய எல்லாம் பாட்டில்ல போட்டு அடைக்கறான், மறுநாள் பாத்தா செத்துக் கிடக்கு. அடிச்சும் பாத்துட்டேன்.

பதில்: அடிக்காதீங்க ப்ளீஸ். கொல்லணும்னு அவன் பிடிக்கல, கிட்டக்க வெச்சுப் பாக்கணும்னு பிடிக்கறான், அந்த ஆசை வேணும். நேரத்துக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு வைங்க, பாட்டில் மூடில ஓட்டை, நிழல்ல வைக்கணும், பத்து நிமிஷம் பாக்கணும், ஒரு படம் வரையணும், எடுத்த இடத்துலயே விடணும். ஜேன் குடாலுக்கு நாலஞ்சு வயசு இருக்கறப்ப முட்டை எங்கிருந்து வருதுன்னு பாக்க கோழிக் கூண்டுக்குள்ள போய் மணிக்கணக்கா ஒளிஞ்சிருந்திருக்காங்க, வீட்டுல எல்லாரும் காணோம்னு தேடித் தவிச்சிருக்காங்க. திரும்பி ஓடி வந்தப்ப அவங்க அம்மா திட்டாம, பொண்ணு கண்ணுல தெரிஞ்ச சந்தோஷத்தப் பாத்துட்டு முழுக் கதையும் உக்காந்து கேட்டிருக்காங்க. அந்தப் பொண்ணுதான் பின்னாடி சிம்பன்ஸி குரங்குங்க நடுவுல வருஷக் கணக்கா உக்காந்து பாத்தாங்க.

உயிரோட வெச்சுப் பாக்க ஆசைன்னா எலுமிச்சைச் செடிய அவனுக்குக் காட்டுங்க. இளம் இலைல குண்டூசித் தலை அளவு வெளிறின மஞ்சள் நிறத்துல வண்ணத்துப்பூச்சி முட்டை ஒண்ணு ரெண்டு இருக்கும், அதுல இருந்து வர்ற புழு ஆரம்பத்துல அச்சு அசல் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், கருப்பும் பழுப்பும் நடுவுல வெள்ளைத் திட்டும், பறவை பாத்தா வேணாம்னு போயிடும். நாலு தடவை தோல் உரிச்சு இலை மாதிரி பச்சையாயிடும். அப்ப ஒரு புல்லு நுனியால முதுக லேசா தொட்டா தலைக்குப் பின்னாடி இருந்து ரெண்டு கொம்பு மாதிரி ஆரஞ்சு நிறத்துல ஒண்ணு படக்குன்னு வெளிய நீளும், கூடவே ஒரு நாத்தம் வரும், கொஞ்ச நேரத்துல உள்ள இழுத்துக்கும். ஒரு தடவை போதும், பாவம். செடிலயே விட்டுட்டு தினமும் போய் பாக்கலாம், இல்லன்னா வலை மூடின டப்பால ஒரே ஒரு புழுவ மட்டும் வெச்சு தினமும் அதே செடியோட புது இலையப் போடணும், கண்ட இலையையும் சாப்பிடாது. கூட்டுல இருந்து வெளிய வர்றப்ப ரெக்கை கசங்கின துணி மாதிரி தொங்கும், செம்பழுப்பா சொட்டுச் சொட்டா ஏதோ விழும், ரத்தம்னு பையன் பயப்படுவான், ரத்தம் இல்ல, கூட்டுக்குள்ள இருந்தப்ப சேந்த கழிவு. ரெக்கை விரிஞ்சு காயற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. நானும் எத்தனையோ தடவை பாத்துட்டேன், இன்னமும் அந்த நேரத்துல மூச்ச அடக்கிட்டுதான் நிப்பேன்.

கேள்வி: எங்களுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நேரம். மாசத்துக்கு ஒரு தடவை மலை, காடுன்னு போனா போதுமா?

பதில்: போங்க, நல்லது. ஆனா எனக்கு தினமும் பத்து நிமிஷம் ஒரே இடத்துலதான் நம்பிக்கை அதிகம். டார்வின் வீட்டுத் தோட்டத்துல ஆண் வண்டுத்தேனீங்க சில குறிப்பிட்ட இடத்துல மட்டும் வந்து ரீங்காரம் போட்டுட்டுப் போச்சு. 1850கள்ல அவர் தன் பிள்ளைங்கள ஒவ்வொரு இடத்துக்கும் ஒருத்தரா நிறுத்தி, தேனீ வந்ததும் "இங்க ஒண்ணு!"ன்னு கத்தச் சொன்னார், அப்படியே அதுங்க போற வழியக் கண்டுபிடிச்சாங்க. தினமும் பழகின தோட்டம்ங்கறதாலதான் அது முடிஞ்சுது. ஒரு மரம், ஒரு சுவரு, மாடிப்படி ஜன்னல், எதுவா இருந்தாலும் பிள்ளை "என் இடம்"னு சொல்ற மாதிரி ஒண்ணு இருக்கட்டும்.

கேள்வி: மழைல விடலாமா?

பதில்: விடுங்க! டென்மார்க்ல 1950கள்ல ஃப்ளாடௌங்கற ஒரு அம்மா தன் பிள்ளைங்களையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களையும் தினமும் காட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சு அதுவே பெரிசாகி காட்டுப் பள்ளிகளாச்சு, அங்கயெல்லாம் மழை, குளிர்னு பாக்காம அதுக்கேத்த துணியப் போட்டுட்டு வெளியதான் இருப்பாங்க. இடி சத்தம் கேட்டா மட்டும் உடனே உள்ள வந்துடணும், மரத்தடில நிக்கவே கூடாது, கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் கழிச்சுதான் மறுபடி வெளிய. மத்தபடி நேரா இருக்கற ஒரு கண்ணாடி டம்ளர மொட்டை மாடில வெச்சு, மழை விட்டதும் அதுல எத்தனை மில்லிமீட்டர் தண்ணி நிக்குதுன்னு ஸ்கேல வெச்சு அளந்து காலண்டர்ல எழுதச் சொல்லுங்க. ஈரத் தலையத் துவட்டி விடறது உங்க வேலை.